நம் நாக்கும் இங்கிலீஷும்

மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை



பிராக்டிகல் தேர்வில் கனெக்ஷன் எல்லாம் சரியாகக் கொடுத்து, ரீடிங் எடுத்து, கிராஃபும் போட்டு முடித்த ஒருவன் வைவா மேசை முன்னால் போய் நின்றதும் ஊமையாகி விடுகிறான். விடை தெரியாமல் இல்லை. வெளியே வராந்தாவுக்கு வந்ததும் அதே விடையை நம்மிடம் தமிழில் அட்சர சுத்தமாகச் சொல்வான். இந்தக் காட்சியை ஒவ்வொரு செமஸ்டரும் பார்க்கிறோம். நம்மில் பெரும்பாலோர் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவர்கள். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அம்மா ஸ்பின்னிங் மில்லில் கோன் வைண்டிங் பார்க்கிறார்கள். எனவே வீட்டில் இங்கிலீஷ் பேசிப் பழகும் வசதி நமக்கெல்லாம் கிடையாது.

கடையில் விற்கும் 'முப்பது நாளில் ஆங்கிலம்' வகைப் புத்தகங்களை நம் விடுதியில் அறைக்கு ஒன்று பார்க்கலாம். முதல் பத்துப் பக்கம் மட்டும் அழுக்காக இருக்கும், மீதி புத்தம் புதுசு. அந்தப் புத்தகங்கள் இங்கிலீஷ் இலக்கணத்திலிருந்து தொடங்குகின்றன. நான் சொல்ல வருவது கொஞ்சம் வேறு. நம் இங்கிலீஷ் எந்தெந்த இடத்தில் தடுக்கும் என்பதை, நாம் பத்தாவது வரை படித்த தமிழ் இலக்கணமே சொல்லி வைத்திருக்கிறது. நாக்கு தமிழ் விதிப்படி நடக்கிறது, அவ்வளவுதான். விதி தெரிந்தால் எங்கே திருப்ப வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் 'இஸ்கூல்' விஷயம். ஒரு சொல் எந்த எழுத்தில் தொடங்கலாம், எதில் முடியலாம் என்று தொல்காப்பியத்தின் மொழிமரபிலேயே விதி இருக்கிறது. தனி மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. ர, ல போன்றவையும் முதலில் வராது. அதனால்தான் ராமன் இராமன் ஆனான், லாபம் இலாபம் ஆனது, லோகம் உலோகம் ஆனது. அதே வேலையைத்தான் நம் ஊர்ப் பெரியவர்கள் ஸ்கூலை இஸ்கூல் என்றும், ஸ்டூலை இஸ்டூல் என்றும் சொல்லும்போது செய்கிறார்கள். ஸ்டேஷனில் 'ஸ்'ஸை அடியோடு தள்ளிவிட்டு 'டேசன்' என்பதும் தனி மெய் முதலில் வராது என்ற விதிக்குக் கட்டுப்பட்டதுதான். கேலி செய்ய இதில் ஒன்றுமே இல்லை. அவர்கள் நம்மைவிட ஒழுங்காகத் தமிழ் இலக்கணம் பேசுகிறார்கள்.

கடைசியிலும் அப்படியே. க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லின மெய்கள் தமிழ்ச் சொல்லின் இறுதியில் நிற்காது. கூடவே ஒரு குற்றியலுகரம் ஒட்டிக்கொள்ளும்: நாடு, பாட்டு, பேச்சு. அதனால் கேட் நமக்குக் 'கேட்டு', பஸ் நமக்குப் 'பஸ்ஸு', ஸ்விட்ச் நமக்குச் 'சுவிச்சு'. குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரைதான். ஆனால் இங்கிலீஷ் காதுக்கு அந்த அரை மாத்திரை ஒரு முழு அசையாகக் கேட்கிறது. 'டெஸ்ட்' என்பது அவர்களுக்கு ஓரசை, நாம் சொல்லும் 'டெஸ்டு' ஈரசை. ஒரு வாக்கியத்தில் இப்படி ஆறேழு 'உ' சேர்ந்தால் கேட்பவர் வழி தவறிவிடுவார்.

இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. அந்தச் சொல்லுக்குப் பின்னால் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லைச் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள். 'டெஸ்ட் இட்' சேர்ந்தால் 'டெஸ்டிட்'. 'ஸ்விட்ச் இட் ஆஃப்' சேர்ந்தால் 'ஸ்விட்ச்சிட்டாஃப்'. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவது நமக்குப் புதிதா என்ன? புணர்ச்சி இலக்கணம் இங்கிலீஷ்காரர் வாயிலும் நடக்கிறது, அவர்கள் எழுதிக் காட்டுவதில்லை. இரண்டு வாரம் இப்படிச் செய்தால் 'உ' தானாக உதிரும்.

அடுத்ததுதான் முக்கியம். 'பாம்பு' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். முதல் 'ப' உதட்டில் வெடித்து வருகிறது, அப்போது தொண்டை சும்மா இருக்கிறது. 'ம்' வந்ததும் தொண்டை அதிர்கிறது, அந்த அதிர்வு நிற்காமல் 'பு'விலும் தொடர்கிறது. ஆக ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி. 'தந்தம்', 'காகம்' எதை எடுத்தாலும் இதே கதை. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லினம் வலித்து ஒலிக்கும். இரண்டு உயிர்களுக்கு நடுவிலும் மெல்லினத்துக்குப் பின்னாலும் மெலிந்து ஒலிக்கும். இடத்தை வைத்தே ஒலி தெரிந்துவிடுவதால் தமிழுக்கு ஓர் எழுத்தே போதும். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இதை ஒரு விதியாகவே எழுதியிருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்தவர் காதுக்கு அது பளிச்சென்று கேட்டிருக்கிறது, நமக்குத் தினமும் பேசுவதால் கேட்பதில்லை.

இங்கிலீஷில் இந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து, தனித்தனிப் பொருள். நாம் என்ன செய்கிறோம்? மெல்லினத்துக்குப் பின்னால் வருவதையெல்லாம் பாம்பின் 'பு' மாதிரி மெலித்து விடுகிறோம். பம்ப், டேங்க், கரண்ட், பிளான்ட், பிரிண்ட்: நம் துறைச் சொற்களில் பாதி இந்த ரகம்தான். பம்ப் என்ற சொல்லில் இருக்கிற இரண்டும் பாம்பின் முதல் 'ப'. இரண்டாவதையும் வெடித்துத்தான் சொல்ல வேண்டும். 'ஹீட் சிங்க்' என்பதில் கடைசி 'க்' மெலிந்தால் அது பாட்டுப் பாடுவது போல ஆகிவிடும்.

இதில் காலமே மாறிப்போகும் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 'சென்ட்' என்று கடைசி 'ட்' வலித்தால் அனுப்பினேன். 'வண்டி'யில் வரும் 'டி' மாதிரி மெலிந்தால் அனுப்புகிறேன். 'பெண்ட்' வலித்தால் வளைந்துவிட்டது, மெலிந்தால் வளை. செலவழித்ததும் செலவழிப்பதும் அப்படித்தான். 'மோட்டாரை நேற்றே அனுப்பிவிட்டேன்' என்று நீங்கள் நினைத்துச் சொல்ல, 'இனிமேல்தான் அனுப்பப் போகிறான்' என்று எதிரே இருப்பவர் புரிந்துகொண்டால் யாரை நோவது?

இதற்கும் தமிழிலேயே மருந்து இருக்கிறது. இரட்டித்தால் வலிக்கும் என்று பார்த்தோம் அல்லவா? மனசுக்குள் 'பம்ப்ப்', 'டேங்க்க்', 'சென்ட்ட்' என்று இரட்டித்து நினைத்துக்கொண்டு சொல்லுங்கள். மெல்லினம் முடிந்ததும் தொண்டை அதிர்வு டக்கென்று நிற்க வேண்டும். விரல் தொண்டையிலேயே இருக்கட்டும், அது பொய் சொல்லாது.

தொண்டையில் விரல் இருக்கும்போதே இன்னொன்றையும் முடித்துவிடலாம். 'லூஸ் கனெக்ஷன்' என்கிறோம், அந்த 'லூஸ்' பாம்பு சீறுவது போல வெறும் காற்று. எதையாவது இழப்பதைக் குறிக்கும் இன்னொரு 'லூஸ்' இருக்கிறது. அதன் முடிவில் தேனீ ரீங்காரம் செய்வது போலத் தொண்டை அதிர வேண்டும். விலைக்கும் பரிசுக்கும், ஐஸுக்கும் கண்களுக்கும் உள்ள வித்தியாசமும் இந்தத் தேனீதான். தமிழில் இந்த ஒலியே கிடையாது, அதனால்தான் 'ஜீரோ' என்று 'ஜ' போட்டுச் சமாளிக்கிறோம்.

'என்ன'வைப் பேச்சில் 'யென்ன' என்றும், 'ஒண்ணு'வை 'வொண்ணு' என்றும் சொல்வோமே, அது 'யெஞ்சின்', 'வோல்டு மோட்டார்' என்று இங்கிலீஷிலும் ஏறிவிடுகிறது. பழைய மோட்டாரைச் சொல்கிறோமா, வோல்டேஜைச் சொல்கிறோமா என்று நம் துறையிலேயே குழப்பம் வரும். இது சின்ன விஷயம், கவனித்தால் போதும்.

லேபில் செய்து முடித்ததைச் சொல்லும் வினைகளுக்கு ஒரே ஒரு விதி. வினை 'ட' ஒலியில் முடிந்திருந்தால் மட்டும் 'இட்' சேர்த்து ஓர் அசை கூட்டுங்கள்: டெஸ்டிட், ஹீட்டிட், வெல்டிட், கனெக்டிட். மற்ற எதற்கும் அசை கூடாது, வெறும் 'ட்'தான்: செக்ட், ஃபிக்ஸ்ட், ஸ்விட்ச்ட், டர்ன்ட். 'செக்கெட்', 'ஃபிக்ஸெட்' என்று எழுத்தைப் பார்த்து வாசிப்பதை இன்றோடு விட்டுவிடலாம்.

அழுத்தம் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதலாம். சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் பங்கு கிடைத்துவிடும். பந்தியில் எல்லா இலைக்கும் பரிமாறுவது போல. இங்கிலீஷ் அப்படி இல்லை. நீண்ட சொல்லில் ஓர் அசைக்கு மட்டும் விருந்து, மற்றதெல்லாம் அரைப் பட்டினி. 'கம்போனன்ட்' என்பதில் 'போ' மட்டும் ஓங்கும், மற்றவை கரையும். எந்த அசை என்று எப்படித் தெரியும்? நம் பாடச் சொற்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவரும் இரண்டு குறுக்குவழிகள்: 'ஷன்' என்று முடிந்தால் அதற்கு முந்திய அசை ஓங்கும். இண்டக்ஷனில் 'டக்', இன்சுலேஷனில் 'லே', ஜெனரேஷனில் 'ரே'. 'இக்' என்று முடிந்தாலும் அதற்கு முந்தியதுதான். மேக்னெட்டிக்கில் 'நெட்', பாலிடெக்னிக்கில் 'டெக்'. இன்னொரு வேடிக்கை, நாம் லேபுக்குச் சுமந்துகொண்டு போகும் ரெக்கார்டு நோட்டில் 'ரெ' ஓங்கும். ரீடிங்கைப் பதிவு செய் என்று ஆசிரியர் சொல்லும்போது அதே எழுத்துகள்தான், ஆனால் 'ரிக்கார்ட்' என்று 'கார்' ஓங்கும்.

ஒலி போகட்டும். வைவாவில் ஊமையாவதற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

போன தேர்வுக்கு முன்னால் அம்மா கேட்டார்கள், "வைவான்னா என்னடா?" "கேள்வி கேப்பாங்கம்மா." "தெரிஞ்சத சொல்ல வேண்டியதுதானே?" நியாயமான கேள்வி. அம்மா ஐந்தாவது தாண்டாதவர்கள். ஆனால் கார்டிங், சிம்ப்ளக்ஸ், ஷிஃப்ட், ஓ.டி., கோன் வைண்டிங் என்று நாளைக்கு நூறு இங்கிலீஷ் வார்த்தை பேசுகிறார்கள். (அவர்கள் வைண்டிங்கில் நூல் சுற்றுகிறது, நம் துறை வைண்டிங்கில் செம்புக் கம்பி சுற்றுகிறது.) ஆக நம் வீடுகளில் வார்த்தைக்குப் பஞ்சம் இல்லை. அவற்றைக் கோக்கும் வரிசைதான் கிடைக்கவில்லை.

தமிழில் வினை கடைசியில் வரும். 'நான் நேற்று நண்பனோடு லேபுக்குப் போனேன்.' கடைசிச் சொல் வரும் வரை நமக்கு நேரம் இருக்கிறது, யோசித்துக்கொண்டே பேசலாம். இங்கிலீஷில் ஆளைச் சொன்ன மறு மூச்சிலேயே வினையைச் சொல்லியாக வேண்டும். நாம் தமிழில் வாக்கியத்தை முழுதாகக் கட்டி, பிறகு மொழிபெயர்க்கப் பார்க்கிறோம். வினை எங்கோ வாலில் இருக்கிறது, அதைப் பிடித்துத் தலைப்பக்கம் கொண்டுவருவதற்குள் எக்ஸாமினர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

நம் துறையில் எல்லோரையும் கேட்கும் கேள்வி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். டிரான்ஸ்ஃபார்மரின் ரேட்டிங்கை ஏன் கே.வி.ஏ.யில் சொல்கிறோம், கிலோவாட்டில் ஏன் சொல்வதில்லை? தமிழில் விடை: காப்பர் லாஸ் கரண்டைப் பொறுத்தது, அயர்ன் லாஸ் வோல்டேஜைப் பொறுத்தது, பவர் ஃபேக்டரை இரண்டுமே பொறுத்தது இல்லை, அதனால்தான் வோல்டும் ஆம்பியரும் சேர்ந்த கே.வி.ஏ. இதில் 'பொறுத்தது' என்ற வாலை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். 'காப்பர் லாஸ் டிபெண்ட்ஸ் ஆன் கரண்ட். அயர்ன் லாஸ் டிபெண்ட்ஸ் ஆன் வோல்டேஜ். தே டு நாட் டிபெண்ட் ஆன் பவர் ஃபேக்டர். ஸோ த ரேட்டிங் இஸ் இன் கே.வி.ஏ.' நாலு குட்டி வாக்கியம், விடை முடிந்தது. எந்த எக்ஸாமினரும் இதற்கு மேல் இங்கிலீஷ் கேட்கமாட்டார். 'ஏனெனில்', 'ஆகையால்', 'எது எனில்' என்று ஒரே வாக்கியத்தில் கட்ட முயன்றால்தான் சிக்கிக்கொள்வோம்.

நீண்ட வருணனை வந்தால் தமிழ் வாக்கியத்தைப் பின்னாலிருந்து படியுங்கள். 'நேற்று நாம் வைண்டிங் மாற்றிய மோட்டார்' என்பதைக் கடைசியிலிருந்து எடுத்தால் மோட்டார், மாற்றிய, வைண்டிங், நேற்று என்று வருகிறது. 'மாற்றிய'வுக்கு முன்னால் 'நாம்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டால் இங்கிலீஷ் வரிசை ஏறக்குறைய தயார். 'மேசையின் மேல்' என்பதிலும் 'மேல்' முன்னால் ஓடிவிடும். ஆனால் ஐந்து ஹெச்.பி., த்ரீ ஃபேஸ் போன்ற சின்ன அடைமொழிகள் இரண்டு மொழியிலும் முன்னால்தான் நிற்கும், அவற்றைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

இப்போது 'ஆமா'வும் 'இல்ல'வும். நம் சீனியர் அண்ணன் ஒருவர் ஒரு தொழிற்சாலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். பெயர் வேண்டாம். எல்லாத் தாளும் முதல் தடவையிலேயே தேறியவர். அதிகாரி இங்கிலீஷில் கேட்டார், 'உனக்கு அரியர்ஸ் எதுவும் இல்லையே?' அண்ணன் தெம்பாக 'யெஸ் சார்' என்றார். 'ஆமா சார், இல்ல' என்பது அவர் மனசில். அதிகாரி முகம் மாறி, 'எத்தனை பேப்பர்?' என்று கேட்டார். அண்ணன் விழித்தார். மார்க் ஷீட்டைத் தேடி எடுத்துக் காட்டுவதற்குள் அடுத்த பையனைக் கூப்பிட்டு விட்டார்கள்.

இதில் அண்ணனின் அறிவுக்கு என்ன குறை? தமிழில் 'ஆமா' என்றால் 'நீங்க சொல்றது சரி' என்று அர்த்தம். ஜப்பானியரும் நம்மைப் போலத்தான். இங்கிலீஷில் கேள்வி எப்படி வந்தாலும் சரி, நடந்த விஷயத்தை மட்டும் பார்க்க வேண்டும். இருந்தால் 'யெஸ்', இல்லாவிட்டால் 'நோ'. 'சாப்பிடலையா?' என்று கேட்டாலும் சாப்பிடாதவன் 'நோ' என்றுதான் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் வெறும் யெஸ், நோவோடு நிறுத்தாமல் முழு வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்: 'நோ சார், ஐ ஹாவ் நோ அரியர்ஸ்.' நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

மரியாதை பற்றி ஒரு வார்த்தை. 'கொடுங்க' என்பதில் மரியாதை வினையோடே ஒட்டியிருக்கிறது. இங்கிலீஷ் வினையில் அந்த 'ங்க' கிடையாது. அந்த வெற்றிடம் பிடிக்காமல்தான் நாம் வாக்கியத்துக்கு மூன்று 'சார்' போடுகிறோம் என்பது என் அபிப்பிராயம். ஒரு 'சார்' போதும். எதையாவது கேட்கும்போது கட்டளையாகச் சொல்லாமல் 'குட் யூ ப்ளீஸ்' என்று கேள்வியாக்கிவிட்டால் அவர்கள் ஊர் 'ங்க' கிடைத்துவிடும்.

பழக்கத்துக்கு நான் நம்புவது ஒன்றே ஒன்று. கை செய்வதை வாய் சொல்ல வேண்டும். லேபில் அம்மீட்டரை இணைக்கும்போது, 'ஐ அம் கனெக்டிங் த அம்மீட்டர் இன் சீரீஸ்' என்று முணுமுணுங்கள். லேத்தில் ஜாப் கட்டும்போதும், சால்டர் செய்யும்போதும் இப்படியே. வார்த்தைகள் தெரிந்தவை, பொருள் கண் முன்னால் இருக்கிறது, மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. ராத்திரி அதையே செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். பாம்பின் 'பு'வும் பஸ்ஸின் 'ஸு'வும் அதில் மாட்டிக்கொள்ளும்.

கடைசியாகப் பீட்டர் பிரச்சினை. யாராவது வாயைத் திறந்து இரண்டு வாக்கியம் இங்கிலீஷில் பேசினால் உடனே 'பீட்டர் விடுறான்டா' என்கிறோம். இலக்கணத்துக்குப் பயந்து வாயை மூடியவனைவிட இந்த வார்த்தைக்குப் பயந்து மூடியவன்தான் நம் விடுதியில் அதிகம்.

அதனால் நாங்கள் நாலு பேர் விடுதிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் தினமும் ஏழிலிருந்து ஏழரை வரை கூடுகிறோம். அன்று லேபிலோ வகுப்பிலோ செய்ததை ஆளுக்கு ஐந்து நிமிஷம் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். வார்த்தை கிடைக்காவிட்டால் தமிழ் வார்த்தையைப் போட்டுக்கொண்டு நிற்காமல் போகலாம். பேசி முடிக்கும் வரை யாரும் திருத்தக் கூடாது. 'பீட்டர்' என்று சொன்னவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். எந்தத் துறையாக இருந்தாலும், முதலாண்டுத் தம்பி தங்கைகளாக இருந்தாலும் வரலாம். வெளியிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸைத் தவறவிட வேண்டாம் என்பதற்காகச் சனிக்கிழமைகளில் மட்டும் மதியம் ஒன்றரைக்கே நூலகத் திண்ணையில் வைத்திருக்கிறோம். புதன்கிழமை மெஸ்ஸில் பூரி, ஏழரைக்குப் போனால் தீர்ந்துவிடும், அன்று ஆறரைக்கே தொடங்கிவிடுவோம்.